கை முறிஞ்ச பொடியன்

மனைவி கனடாவுக்குப் போயிருந்த நேரத்தில்தான் நான் விழுந்தேன். மகளுக்கு அது முதல் பிள்ளை. பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள், குளிர்சாதனப் பெட்டி முழுக்கச் சமைத்து அடைத்துவிட்டு, எதை எப்போது எடுத்துச் சூடாக்க வேண்டும் என்று விமான நிலைய வாசல் வரைக்கும் எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டே போனாள்.

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியிலிருந்து மரைன் டிரைவுக்கு ஐந்து நிமிட நடை. ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, காலையில் கடலோரமாக நடப்பது என் வழக்கம். அன்று விடியும் வரை மழை பெய்திருந்தது. நடைபாதைச் சீமெந்து வழுக்கியது. கையை ஊன்றக்கூட நேரமில்லை. வலது முழங்கையின் முனை நேரே தரையில் போய் இறங்கியது. காய்ந்த தடியை முழங்காலில் வைத்து முறித்தால் ஒரு சத்தம் வருமே, அது கேட்டது. அது என் உடம்பிலிருந்துதான் வந்தது என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

எழும்பி உட்கார்ந்து கையைப் பார்த்தேன். முழங்கை தன் வடிவத்தில் இல்லை. பின்பக்கம் ஏதோ புடைத்து நின்றது. அதற்குக் கீழே கை தன்பாட்டில் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. எதிரே நின்ற முச்சக்கர வண்டிக்காரர் ஓடி வந்தார். சிங்களவர், என் வயதுதான் இருக்கும். "ஹெமின், மஹத்தயா, ஹெமின்," என்று சொல்லிச் சொல்லி, தன் தோளில் கிடந்த துவாயை எடுத்து என் கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். மெல்ல, மெல்ல என்று அவர் சொன்னது எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை. வழியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை ஊர விட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். என் கைத்தொலைபேசி வலது பெருவிரலுக்குத்தான் திறக்கும். அவரே அதை எடுத்து, கட்டுக்குள் கிடந்த என் விரலில் ஒற்றித் திறந்து, நான் சொன்னபடி என் தங்கச்சியை அழைத்துத் தந்தார்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் ஒரு இளம் வைத்தியர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். நல்லவேளை, தமிழ்ப் பிள்ளை.

"ஐயா, இது மேற்கை எலும்பு. இது கீழ வந்து ரெண்டாப் பிரிஞ்சுதான் முழங்கையில பொருந்துறது. உங்களுக்கு அந்த இடத்திலதான் உடைஞ்சிருக்கு. குறுக்க ஒரு வெடிப்பு, நெடுக்க ஒரு வெடிப்பு."

"பத்துப் போட்டுக் கட்டி விட்டால் காணாதோ?" என்று கேட்டேன்.

"காணாது. வளந்த ஆக்களுக்கு முழங்கை கெதியா இறுகிப் போகும். துண்டுகளைச் சேத்து ரெண்டு பக்கமும் தகடு வைச்சுப் பூட்டோணும். பூட்டிப் போட்டு கெதியா அசைக்கத் துவங்கோணும்." பிறகு என் சின்ன விரலின் நுனியைத் தொட்டார். "நான் தொடுறது தெரியுதோ?"

"தெரியுது. ஆனா விறைச்ச மாதிரிக் கிடக்கு."

"முழங்கைக்குப் பின்னால ஓடுற நரம்பு ஒண்டு அதிர்ந்திருக்கு. பாப்பம்." விரலை விட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, முந்தி மாதிரி முழுக்க நீட்டவும் மடக்கவும் ஏலுமெண்டு சொல்லமாட்டன். சாப்பிட, முகங்கழுவ, சேட் பொத்தான் பூட்ட ஏலும்படி கொண்டுவருவம்."

இவ்வளவுதானா என்றுதான் அப்போது எனக்குப் பட்டது.

தங்கச்சி வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைவிட எட்டு வயது இளையவள். கலியாணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில், அம்மாவைப் பார்த்துக்கொண்டு, சாறிச் சட்டைகள் தைத்துக்கொண்டு இருக்கிறாள். அம்மாவைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. யாரோ திறந்து விட்டிருந்த என் சேட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.

"அண்ணி வருமட்டும் நீங்கள் கொட்டாஞ்சேனையிலதான்," என்றாள்.

"உனக்கு அம்மாவோடயே காணும்."

"அம்மாவுக்குச் சமைக்கிற உலையிலதானே உங்களுக்கும். பேசாமல் வாங்கோ."

வீக்கம் வற்றும்வரை காத்திருந்துதான் சத்திரசிகிச்சை செய்தார்கள். முழங்கையின் பின்பக்கம் வெட்டி, முனையிலுள்ள எலும்பைக் கழற்றி, உள்ளே உடைந்த துண்டுகளை ஒட்ட வைத்துத் தகடு பூட்டி, கழற்றிய முனையைக் கம்பியால் திரும்பக் கட்டியிருக்கிறோம் என்று வைத்தியர் சொன்னார். மயக்கம் தெளிந்தபோது என் பக்கத்தில் வேறு யாருடையதோ கை ஒன்றைக் கிடத்தி வைத்திருப்பதுபோல் இருந்தது. மனைவிக்கு அதுவரை சொல்லவில்லை. அன்று மாலை அவள் வீடியோவில் எடுத்தபோது முகம் மட்டும் தெரியும்படி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். பேரப்பிள்ளையைக் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே என் இடது தோளைக் கவனித்து நிறுத்தினாள்.

"இஞ்சாருங்கோ, ஏன் இடது கையால போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உடனே திரும்பி வருவதாகச் சொல்லி அழுதாள். பிள்ளை பிறந்து சில கிழமைதான் ஆகியிருந்தது. வர வேண்டாம் என்று நானும் தங்கச்சியும் மாறிமாறிச் சொல்லி அவளை அங்கேயே நிறுத்தினோம்.

கொட்டாஞ்சேனை வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் யன்னலோரம் அம்மாவின் கட்டில். அதன் கால்மாட்டில் தங்கச்சியின் தையல் மெசின். காலையில் ஒரு பக்கமிருந்து தேவாலய மணி கேட்கும், மறு பக்கமிருந்து கோயில் மணி கேட்கும். அம்மாவுக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது. நடமாட்டம் நின்று கன காலம். அதற்கும் முன்னரே நினைவு குலையத் தொடங்கியிருந்தது.

இரண்டு வருடமாக அம்மாவுக்கு என்னைத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போகும்போது, வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பா. "வாங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்," என்பா. சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொள்ளுவா. சில நாட்களில், "உங்கட அம்மா சுகமா இருக்கிறாவோ?" என்று கேட்பா. "ஓம், சுகமா இருக்கிறா," என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பேன். என்னை வாடா போடா என்று ஏசி வளர்த்த மனுசி, என்னை நீங்கள் என்று கூப்பிடுவது எனக்குப் பழகவேயில்லை. ஆனாலும் தங்கச்சியையாவது தெரிகிறதே என்று ஒரு ஆறுதல் இருந்தது.

அந்த வீட்டில் போய்த் தங்கிய பிறகுதான் அதுவும் இல்லையென்று கண்டேன். முதல்நாள் மத்தியானம் அம்மா, "மிஸி, மிஸி," என்று கூப்பிட்டா. ஆஸ்பத்திரித் தாதியைக் கூப்பிடுவதுபோல. தங்கச்சி தையலை விட்டுவிட்டு எழுந்து போய் அம்மாவின் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

"ஆரை மிஸி எண்டு கூப்பிடுறா?" என்று கேட்டேன்.

"என்னைத்தான்."

"எவ்வளவு காலமா?"

"உங்களை விசிட்டர் ஆக்க முந்தியே என்னை மிஸி ஆக்கிப்போட்டா." ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ ஒருநாளும் சொல்லேல்லையே."

"சொல்லி என்ன செய்ய, அண்ணா?"

மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடுதான் அந்த வீட்டில் பெரிய போராட்டமாக இருந்தது. அம்மாவுக்கு வாயைத் திறக்க மனமில்லை. சோற்றைக் குழைத்து, பருப்பும் முள் நீக்கிய மீனும் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டையாக்கித் தங்கச்சி கொண்டு போவாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவா. கெஞ்சி, கொஞ்சி, அதட்டி, ஆறிப்போன சோற்றைத் திரும்பச் சூடாக்கி என்று மத்தியானம் முழுக்க அதிலேயே போகும். அம்மாவின் தோள் எலும்பு சட்டைக்கு மேலால் துருத்திக்கொண்டு தெரிந்தது.

நானோ மேசையில் தனியே இருந்து இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டேன் என்று சொல்வதற்கில்லை. பாதி மடியில் விழுந்தது. வலது கை, கழுத்தில் கட்டிய தூக்குத் துணியில் மார்போடு கிடந்தது. தன் வாய்க்கும் தன் கைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று ஒரு மனிதனுக்குச் சாதாரணமாகத் தெரிவதில்லை. எனக்கு அப்போது தெரிந்தது. மூக்கு நுனியில் அரித்தாலும் அந்தக் கை போகாது.

ஒருநாள் மத்தியானம் தங்கச்சி களைத்துப்போனாள். அன்று ஒரு கலியாண வீட்டுச் சட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அம்மா ஒரு வாய்கூட வாங்கவில்லை. இந்தப் பக்கம் நான் மேசையெல்லாம் சிந்தி வைத்திருந்தேன். அவள் வந்து என் சோற்றுக் கோப்பையைப் பிடுங்கினாள்.

"எழும்புங்கோ. அம்மாவுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு இருங்கோ. ரெண்டு பேருக்கும் ஒண்டாத் தீத்துறன்."

"விசர்க் கதை கதையாத. நான் சின்னப் பிள்ளையோ?"

"இருங்கோ அண்ணா," என்றாள். குரலில் கோபமில்லை. அதனால்தான் போய் இருந்தேன்.

சோற்றை உருட்டி என் வாயருகே கொண்டுவந்தாள். எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வாயைத் திறந்தேன். பருப்பும் தேசிக்காய் ஊறுகாயும் சேர்ந்த சோறு. அதை மென்றுகொண்டிருக்கும்போது கட்டில் கிரீச்சிட்டது. அம்மா சுவர்ப்பக்கத்திலிருந்து திரும்பியிருந்தா. என் வாயையும், தூக்கில் கிடந்த கையையும் மாறிமாறிப் பார்த்தா.

"மிஸி, ஆர் உந்தப் பொடியன்?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். 

"கை முறிஞ்சுபோச்சோ உனக்கு?" என்று அம்மா என்னையே கேட்டா.

"ஓம்."

"எங்க விழுந்தனீ?"

"கடற்கரையில."

"ஓடித் திரிஞ்சிருப்பாய். சொல்லுக் கேட்டால்தானே." நாக்கால் சூள்கொட்டினா. "பாவம், பசிக்கும் அவனுக்கு. மிஸி, அவனுக்கு முதல் குடுங்கோ."

தங்கச்சி இன்னொரு உருண்டையை எனக்குத் தந்தாள். நான் விழுங்கும்வரை அம்மா பார்த்துக்கொண்டிருந்தா. அடுத்த உருண்டையை அம்மாவின் வாய்க்குக் கொண்டுபோனபோது, அம்மா வாயைத் திறந்தா.

எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று கோப்பை வழித்துத் துடைத்ததுபோல் முடிந்தது. அவள் எழும்பிக் குசினிக்குப் போய்க் கோப்பையைக் கழுவினாள். தண்ணீர் கன நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மூன்று வேளையும் நான் அம்மாவின் கட்டிலருகே கதிரையில் இருப்பேன். முதல் வாய் எனக்கு. நான் விழுங்கிக் காட்டினால்தான் அம்மா திறப்பா. நான் யாரென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆனால் விருந்தாளி போய்விட்டான். இப்போது நான் கை முறிந்த பொடியன். நீ என்று கூப்பிட்டா, வா என்றா, சத்தம் போடாமல் சாப்பிடு என்றா. ஒருமுறை என் நாடியில் ஒட்டியிருந்த சோற்றை எட்டித் தன் விரலால் எடுத்துவிட்டா. அறுபது தாண்டிய கிழவனின் நரைத்த தாடி அம்மாவின் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்ததோ.

தையல் பிரித்த பிறகு கையை மடக்கி நீட்டப் பழக்குவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போய்வரத் தொடங்கினேன். பேருந்தில் வலது பக்கத்தை யன்னலோடு அணைத்துக்கொண்டு இருப்பேன்; யாராவது கிட்ட வந்தால் உடம்பு தானாகவே சுருங்கும். அங்கே கை பழக்கியவர் கொம்பனித்தெருவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண். முப்பது வயது இருக்கலாம். சிரிக்கமாட்டார், சலிக்கவும் மாட்டார்.

"அங்கிள், நீங்க கையப் பாத்துப் பயப்படுறீங்க. பயந்து வச்சிருந்தா அது அப்பிடியே இறுகும்."

"நோவுது, மிஸ்."

"நோவும். நீங்களே மடக்கணும். வேற யாரும் புடிச்சு இழுக்கவும் கூடாது, எண்ண போட்டுத் தேய்க்கவும் கூடாது. தேய்ச்சா உள்ள தேவயில்லாத எலும்பு வளரும்."

அதனால் ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி கொண்டுவந்து தந்த முறிவெண்ணெய்ப் போத்தல் திறக்கப்படாமலே யன்னலில் இருந்தது. அவ வரும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவா.

வீட்டில் மேசையில் துணி விரித்து, அதன்மேல் கையை முன்னும் பின்னுமாக நகர்த்துவேன். பிறகு மெல்ல மடக்குவேன். ஒரு இடத்துக்கு வந்ததும் உள்ளே கதவு அடைத்ததுபோல் நிற்கும். அந்தக் கதவில் போய்ப் போய் முட்ட வேண்டும். பல்லைக் கடித்தாலும் சில நேரம் சத்தம் வெளியே வந்துவிடும்.

"மிஸி, பொடியன் அழுறான்," என்று முன்னறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது ஒருநாள். "இஞ்ச வரச் சொல்லுங்கோ."

போனேன். கையைக் காட்டச் சொன்னா. முழங்கைக்குப் பின்னால் நீளமாக ஓடிய தழும்பைப் பார்த்து, உதட்டைக் குவித்து ஊதினா. மூச்சு என் தோலில் பட்டும் படாமலும் இருந்தது. பிறகு விரலால் மெல்லத் தடவினா. தோலுக்குக் கீழே தகட்டின் விளிம்பு தட்டுப்படும்.

"இதுக்குள்ள என்ன கிடக்கு?"

"இரும்பு வைச்சிருக்கினம், அம்மா."

அம்மா என்ற சொல் என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அம்மா நிமிர்ந்து பார்த்தா.

"உன்ர அம்மா எங்க?"

"இஞ்சதான் இருக்கிறா."

"அப்ப ஏன் அழுறாய்? வருவா." என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டா.

மெசின் ஓடவில்லை. தங்கச்சி துணியை மடியில் வைத்தபடி அப்படியே இருந்தாள். நான் திரும்ப மேசைக்குப் போய்க் கையை மடக்கத் தொடங்கினேன்.

கை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. ஒரு காலை குசினியில் நின்று பாண் துண்டொன்றைப் பருப்பில் தோய்த்து, கழுத்தை முன்னால் கொஞ்சம் நீட்டி, வலது கையாலேயே வாயில் வைத்தேன். தங்கச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கைதட்டவில்லை, கத்தவில்லை. "இன்னொருக்காச் செய்யுங்கோ," என்றாள். செய்தேன். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அண்மையில் கண்டதில்லை.

அன்று மத்தியானம் தூக்கைக் கழற்றிவிட்டு அம்மாவின் கட்டிலருகே இருந்து, என் கையால் நானே சாப்பிட்டேன். அம்மா கவனமாகப் பார்த்தா.

"கை சுகம் வந்திட்டுதே," என்றா. சந்தோசமாகத்தான் சொன்னா. "இனி நீ வீட்டை போகலாம்."

அதோடு திரும்பிப் படுத்துக்கொண்டா. தங்கச்சி நீட்டிய சோற்றை வாங்கவில்லை. இரவும் வாங்கவில்லை. அடுத்தநாள் காலையில் நான் சாப்பிடுவதைப் பார்க்கவும் இல்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

மத்தியானம் நான் தூக்கை எடுத்துத் தங்கச்சியிடம் கொடுத்து, கழுத்தில் கட்டிவிடச் சொன்னேன்.

"கை பழக்கிறவ இனித் தூக்குப் போடக்கூடாதெண்டெல்லோ சொன்னவ?"

"சாப்பிடுற நேரம் மட்டும்."

"இது பொய்தானே, அண்ணா."

"ஓம். கட்டு."

கட்டினாள். கதிரையில் போய் இருந்தேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "திருப்பி விழுந்திட்டியோ? சொல்லுக் கேக்கிறேல்லை," என்று ஏசினா. "மிஸி, அவனுக்கு முதல் குடுங்கோ."

அப்படியே அந்தக் காலம் போனது. குசினியில் சுகமான கை, முன்னறையில் முறிந்த கை. மனைவி கனடாவிலிருந்து வந்த அன்றே நேரே கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். என் கையைப் பிடித்துப் பார்த்தாள், தழும்பைப் பார்த்தாள், நான் மெலிந்துவிட்டேன் என்று கண்கலங்கினாள். எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போவோம் என்றுதான் வந்திருந்தாள். அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான் தூக்கைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்ததையும், தங்கச்சி எனக்கு ஒரு வாய், அம்மாவுக்கு ஒரு வாய் தீத்தியதையும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். முடியும்வரை நின்றாள்.

பிறகு குசினிக்குள் வந்து என்னிடம், "நீங்கள் இஞ்சையே நில்லுங்கோ. நான் வந்து போறன்," என்றாள். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கி, முள் பார்த்துச் சமைத்துக் கொண்டுவந்தாள். அம்மாவுக்கு அவள் புதிதாக வேலைக்கு வந்த மிஸி.

மழைக்காலம் தொடங்கியபோது அம்மாவுக்கு விழுங்கக் கஷ்டமாயிற்று. ஒரு வாய் போனால் இருமல் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த வைத்தியர், இனிச் சோறு வேண்டாம், கஞ்சியோ தண்ணியோ துளித்துளியாகக் கொடுங்கள், வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள் என்றார். நித்திரை கூடியது. விழித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டு வந்தது. நான் தூக்கைக் கழற்றி மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இப்போது என் வலது கையால் கரண்டியைப் பிடித்து அம்மாவின் உதட்டை ஈரமாக்க முடிந்தது. முழங்கை முழுதாக நீளாததால் கட்டிலோடு ஒட்டி, நன்றாகக் குனிந்து இருக்க வேண்டும். அம்மாவின் மூச்சு என் கன்னத்தில் படும்.

ஒருநாள் முற்பகல், மழை விட்டிருந்த நேரம், தங்கச்சி ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். மெசின் சத்தம் நின்றது. அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா," என்றாள்.

அவ்வளவுதான். அம்மா கடைசியாக எதுவும் சொல்லவில்லை. எங்கள் இருவரில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கவுமில்லை.

பொரளை மயானத்தில் குடத்தை இடது தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். பின்னால் கொள்ளியைப் பிடிக்க வேண்டிய வலது கை போதிய அளவு நீளவில்லை. மனைவியின் தம்பி பின்னால் வந்து தன் கையையும் சேர்த்துப் பிடித்தார். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.

இப்போது கை எனக்கு வேண்டியதைச் செய்கிறது. வைத்தியர் அன்று சொன்ன மூன்றும் முடிகிறது: சாப்பிட, முகங்கழுவ, பொத்தான் பூட்ட. தோளைத் தொட முடியாது. சின்ன விரலின் நுனியில் இன்னும் விறைப்பு இருக்கிறது. தகடுகள் உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு, தங்கச்சியை வெள்ளவத்தைக்கு வந்து எங்களோடு இருக்கச் சொல்லி மனைவியும் நானும் கேட்டோம். தைக்கக் கொடுக்கிற ஆட்களெல்லாம் கொட்டாஞ்சேனையில்தான், விட்டுவிட்டு வரமுடியாது என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொன்னாள். முதல் ஞாயிறு வந்தாள். ஒரு பை நிறைய மாம்பழம் கொண்டுவந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் சரிஞ்சிட்டு எழும்புறன் என்று மகளின் அறையில் போய்ப் படுத்தாள்.

நாலு மணிக்கு மனைவி தேத்தண்ணி ஊற்றி எழுப்பப் போனாள். தங்கச்சி வாய் லேசாகத் திறந்தபடி, ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்க, நல்ல நித்திரை. எழுப்ப வேண்டாம் என்றேன். கடலோரத்தால் ரயில் போனது. யன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. அவள் அசையவில்லை. மனைவி மின்விசிறியைக் குறைத்துவிட்டு வந்தாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

பொழுதுபட்டு மைம்மல் ஆன நேரத்தில் அறைக்குள் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். எழும்பிக் கட்டிலில் இருந்தாள். எங்கே இருக்கிறோம் என்று பார்ப்பதுபோல் சுவரையும் யன்னலையும் பார்த்தாள்.

"இருட்டிப்போச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம். அவசரமில்லை. நீ நிண்டிட்டு நாளைக்குப் போ."

தலையணையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் படுக்கிறன், அண்ணா," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.